ஆறு கால் நாற்காலி

பெல்ட்டைக் கழட்டாதீங்கண்ணா! கழட்டாதீங்க. அப்படியே உட்கார்ந்திருங்க. விழமாட்டீங்க, சத்தியமா விழமாட்டீங்க. பீஸ் போயிருச்சு, அவ்வளவுதான். கீழே அம்மா பெரிய கிரைண்டரைப் போட்டுட்டாங்க. பத்து நிமிசம் போடாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் உங்களை மேலே கூட்டிட்டு வந்தேன். நாளைக்கு மாவு கேட்டு வர்றவங்களுக்கு நீயா பதில் சொல்லுவேன்னு போட்டிருப்பாங்க. மாமா பீஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்துட்டிருக்கார். கம்பி இருந்தா இப்பவே கட்டிடுவார். இல்லைன்னா கடைக்குப் போகணும். கடைக்குப் போனா டீ குடிக்காம வரமாட்டார்.

ஆடாதீங்க. நீங்க ஆடினாலும் அது ஆடாது, இருந்தாலும் ஆடாதீங்க.

கரண்டு போச்சுன்னா இந்த நாற்காலி தொப்புன்னு விழாது. ஆறு மோட்டாருக்குள்ளேயும் ஆறு பிரேக் இருக்கு. கரண்டு இருக்கிற வரைக்கும் அது விலகி நிற்கும். போயிருச்சுன்னா டக்குன்னு கவ்விக்கும். இப்ப ஒட்டுக்கா டக்குன்னு கேட்டுச்சில்ல, அதுதான். அதனாலதான் நீங்க இப்படி மூக்கை மேலே தூக்கிக்கிட்டு, பல் டாக்டர்கிட்ட வாயைத் திறந்த மாதிரி நிக்கறீங்க. நல்ல மோட்டாருன்னு இதைவிட எப்படிக் காட்டறது, சொல்லுங்க.

குதிச்சு இறங்கிடலாம்னு பார்க்காதீங்க. உங்க காலுக்கு நேர் கீழே இருக்கிற பெட்டியில்தான் ஆறு டிரைவும் இருக்கு. ஒவ்வொரு மோட்டாருக்கும் நீ எவ்வளவு சுத்தணும், எவ்வளவு வெசையாச் சுத்தணும்னு சொல்றது அதுதான். கரண்டு போனாலும் அதுக்குள்ள இருக்கிற சார்ஜ் இறங்கக் கொஞ்ச நேரம் ஆகும். அதன் மூடியை இன்னும் போடலை. போடணும்னு நினைச்சேன். போடலை.

நான் மறைச்சு விக்கிற ஆள் இல்லைங்கண்ணா. அம்மாவும் உங்ககிட்ட போன்ல எல்லாத்தையும் சொல்லியிருப்பாங்க. வெள்ளிக்கிழமை எங்க அக்கா ஜீவிதா வர்றா. வளைகாப்பு முடிச்சுக் கையோட கூட்டிட்டு வர்றோம். தலைப்பிரசவம், எங்க வீட்டில்தான் பார்க்கணும். இருக்கிறது மூணு ரூம். காத்து வர்றதும், பாத்ரூம் ஒட்டி இருக்கிறதும் இது ஒண்ணுதான். அதனால இந்த நாற்காலி இன்னைக்குப் போயாகணும். நீங்களும் திருப்பூர்ல இருந்து வண்டி எடுத்துக்கிட்டு வந்துட்டீங்க. உங்க எம்பிராய்டரி மெஷினுக்கு ஆறு மோட்டார், ஆறு டிரைவ். சட்டமும் சீட்டும் வேண்டாம், இரும்புக் கடையில போட்டுக்கோன்னுட்டீங்க. சரி. நியாயம்தான். எனக்கு இது மேல பாசம் கீசம் எல்லாம் கிடையாது. இது ஒரு சாமான்.

ஆனா வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே நான் உங்ககிட்ட கேட்டேன் பாருங்க, மோட்டார் நல்லா இருக்கான்னு உட்காராம எப்படித் தெரியும்னு. அதுக்குத்தான் உட்கார வெச்சேன். வேற ஒண்ணுமில்லை. நீங்களும் "சரி, ஒரு நிமிசம்"னு உட்கார்ந்தீங்க. டிவியில ஓடின மலை ரோட்டில மூணாவது வளைவில் சிரிச்சீங்க. இல்லைன்னு தலையாட்டாதீங்க. நான் பார்த்தேன்.

மாமா வர்றதுக்குள்ள இது எப்படி வந்துச்சுன்னு சொல்லிடறேன். வாங்கற சாமானோட கதை தெரியாம வாங்கக் கூடாது.

நான் பதினொன்றாவதில் நின்றுவிட்டேன். ஃபெயில் இல்லை. எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். கணக்கு வாத்தியார் போர்டில் ஒரு வட்டத்தைப் போட்டு, இதில் ஒரு புள்ளி சுற்றுகிறது என்றார். எதில் சார் சுற்றுகிறது, எதற்காகச் சுற்றுகிறது என்று கேட்டேன். பரீட்சைக்கு அது வராது, உட்கார் என்றார். உட்கார்ந்தேன். அடுத்த வாரம் உட்காரப் போகவில்லை. அப்பா லாரியில் நாக்பூர்ப் பக்கம் இருந்தார். போனில், "வந்து பேசிக்கறேன்" என்றார். இன்னும் வந்து பேசவில்லை. வருகிறார், தூங்குகிறார், போகிறார்.

அம்மா என்னைத் தன் தம்பியிடம் தள்ளிவிட்டார்கள். நாச்சிமுத்து மாமா. கணபதி ஏரியாவில் காயில் கட்டும் கடை. கருகிப்போன போர் மோட்டார், மிக்சி மோட்டார், கிரைண்டர் மோட்டார், எது வந்தாலும் உள்ளே இருக்கிற கம்பியைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார். முப்பது வருசம். அந்த முப்பது வருசத்தை ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்வார்.

ஒருநாள் செம்பு வாங்க மாமாவோடு செல்வபுரத்தில் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். அங்கே பிஸ்கட் பொட்டலம் கட்டுகிற மெஷின் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அதன் வயிற்றுக்குள் ஆறு சர்வோ மோட்டார், சொன்ன அளவுக்குத் திரும்பி நிற்கிற ரகம். கியர்பாக்ஸோடு, டிரைவோடு, ஒரே மாதிரி ஆறு. குட்டி போட்ட நாய்க்குப் பக்கத்தில் குட்டிகள் படுத்திருக்குமே, அந்த மாதிரி வரிசையாகக் கிடந்தன. மாமா குனிந்து ஒன்றைத் தூக்கிப் பார்த்தார்.

"உள்ள ஒரு கிலோ செம்பு வருமாடா?"

"மாமா, உடைச்சீங்கன்னா நான் கடைக்கு வரமாட்டேன்."

"வந்து மட்டும் என்னத்தக் கிழிச்சே?"

அதற்கு முந்தின வாரம்தான் நான் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். ஒரு வெள்ளைக்காரர், தன் கார் ஷெட்டில், ஆறு இரும்புக் கால் வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே டிவி. டிவியில் கார் வளைந்தால் நாற்காலி சாய்கிறது. கார் பிரேக் போட்டால் நாற்காலி முன்னால் குனிகிறது. விமானம் ஏறினால் நாற்காலி மல்லாந்து படுக்கிறது. மனிதர் இருந்த இடத்திலேயே இருக்கிறார், ஆனால் எங்கெங்கோ போகிறார். அதைப் பதினான்கு தடவை பார்த்தேன். கடைசி இரண்டு தடவை அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை, காலை மட்டும்தான் பார்த்தேன்.

இதையெல்லாம் மாமாவிடம் அந்த இரும்புக் கடையிலேயே சொன்னேன். ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு மாமா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஆறு மோட்டாரு ஓட்டி, ஒரு சொட்டுத் தண்ணி வராதாடா?"

"வராது மாமா."

"அப்ப எதுக்கு?"

அப்படிக் கேட்ட மாமாதான் ஆறையும் வாங்கிவிட்டார். ஏன் என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. பைத்தியம் என்றுதான் நினைக்கிறேன்.

எப்படிச் செஞ்சோம்னா, இருங்க, நீங்க எட்டிப் பார்க்க வேண்டாம், நானே சொல்றேன். கீழே சதுரக் குழாய் வெச்சு ஒரு சட்டம். அதில் மூணு மூலையில் ரெண்டு ரெண்டு மோட்டார். ஒவ்வொரு மோட்டார் தலையிலும் ஒரு ஜாண் நீளத்துக்கு ஒரு கை. அந்தக் கையில இருந்து மேலே சீட்டுப் பலகைக்கு ஒரு தடி. தடியோட ரெண்டு முனையிலும் குண்டு மூட்டு, நம்ம தோள்பட்டை மாதிரி எந்தப் பக்கமும் திரும்பும். மோட்டார் திரும்பினா கை ஏறும், கை ஏறினா தடி தள்ளும், தடி தள்ளினா நீங்க ஏறுவீங்க. ஆறும் ஆறு அளவுக்குத் தள்ளினா முன்னால, பின்னால, பக்கத்தில, எப்படி வேணும்னாலும் சாயலாம். சீட்டு பழைய வேன் சீட்டு. அடியில யாரோ ஒட்டின பபுள் கம் இருக்கு. அது வரலை. எவ்வளவோ சுரண்டிப் பார்த்தேன்.

இதில் ஒரு வம்பு. மோட்டார் தலை வட்டமாகச் சுற்றுகிறது. எனக்கு வேண்டியது உயரம். இத்தனை டிகிரி திரும்பினால் இத்தனை உயரம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். அதாவது, ஒரு வட்டத்தில் ஒரு புள்ளி சுற்றுகிறது. அதே எழவு. மூன்று வாரம் உட்கார்ந்தேன். பழைய நோட்டைத் தேடினால், அதை அம்மா மாவுப் பாக்கெட்டுக் கணக்கு எழுத எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்து வாசல் வரைக்கும் போனேன். சும்மாத்தான் போனேன். வாத்தியார் வெளியே வந்தார், ஹெல்மெட் போட்டார், போய்விட்டார். நானும் வந்துவிட்டேன். அப்புறம் நானாகவே போட்டுவிட்டேன். சரியாக வந்தது. இரண்டாம் தடவை போட்டுப் பார்த்தேன், அப்பவும் சரியாக வந்தது. வீட்டில் யாரும் இல்லை, அதனால் கிரைண்டரிடம் சொன்னேன்.

சிரிக்கறீங்க. நல்லது. சிரிச்சா இடுப்பு வலி தெரியாது.

ஆயுத பூஜை அன்றைக்கு முதல் ஓட்டம் என்று மாமா நாள் குறித்துவிட்டார். கடைக்குப் பூஜை போட்டுவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு நேரே இங்கே வந்தார். ஆறு மோட்டாருக்கும் பொட்டு வைத்தார். டிரைவ் பெட்டிக்கு விபூதி பூசினார். உள்ளே பூசாதீர்கள் என்று நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவோமில்லையா? இதற்குச் சக்கரம் இல்லை. மாமா யோசித்தார். ஆறு கைக்கு அடியிலும் ஆறு எலுமிச்சம்பழம் வைத்தார். கை கீழே வரும்போது நசுங்கும். எனக்கே அது பிடித்திருந்தது.

அப்போது அம்மா கீழேயிருந்து, "மோனிஷு, பொரி வாங்கிட்டு வாடா" என்றார்கள். போனேன். நான் செய்த தப்பு அது ஒன்றுதான். இந்தக் கதையில் நான் செய்த தப்பு அது ஒன்றே ஒன்றுதான்.

நான் போன நேரத்தில் மாமா மோட்டார்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்திருக்கிறார். இரண்டாவது வலது பக்கம் சுற்றுகிறது. மூன்றாவது இடது பக்கம் சுற்றுகிறது. அப்படித்தான் சுற்ற வேண்டும்! இரண்டும் எதிரெதிரே முகம் பார்த்து நிற்கின்றன, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. ஒன்று வலம் போனால்தான் இன்னொன்று இடம் போக முடியும். ஆனால் மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. இந்த ஊரில் ஒரு மோட்டார் எதிர்ப்பக்கம் ஓடினால் என்ன செய்வார்கள்? மூன்று ஒயரில் இரண்டை மாற்றிக் கொடுப்பார்கள். போர் மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லையா, இரண்டு ஒயரை மாற்று. இங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் அது தெரியும். மாமா மாற்றிவிட்டார். மாற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, ஒன்றுமே தெரியாதவர் மாதிரி, சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

சர்வோ அந்த ரகம் இல்லைங்கண்ணா. நீங்க மெஷினுக்கு மாட்டப் போறீங்க, இதை நல்லாக் கேட்டுக்குங்க. அதன் வாலில் ஒரு கண் இருக்கு. பத்து டிகிரி போன்னு சொன்னா போகும், கண் திரும்பிப் பார்க்கும், வந்துட்டமான்னு. ஒயரை மாத்திட்டா அது எதிர்ப்பக்கம் போகும். கண் பார்க்கும், ஐயோ தூரமாப் போயிட்டமேன்னு பதறும். பதறினா இன்னும் வெசையா ஓடும். எந்தப் பக்கம்? அதே எதிர்ப்பக்கம். சந்தையில தொலைஞ்ச பிள்ளை, அம்மாவைத் தேடறேன்னு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓடற மாதிரி. திசையை மாத்தணும்னா டிரைவில ஒரு நம்பரை மாத்தணும். ஒயரைத் தொடவே கூடாது. ஒரு நம்பர். அவ்வளவுதான்.

பொரியோடு வந்தேன். மாமா பட்டு வேட்டியில், நெற்றி நிறைய விபூதியோடு மேலே உட்கார்ந்திருக்கிறார்.

"பெல்ட் போடுங்க மாமா."

"நான் என்ன, நர்சரிப் பிள்ளையா?"

"போடலைன்னா ஸ்விட்ச் போடமாட்டேன்."

போட்டார். நான் ஸ்விட்சைப் போட்டேன். ஐந்து எலுமிச்சம்பழம் அழகாக நசுங்கியது. மூன்றாவது நசுங்கவில்லை. மூன்றாவது கை சுழற்றி விட்ட சுழற்றலில் அது ஜன்னல் வழியாகப் பறந்து, எதிர்வீட்டு மாடியில் காயப்போட்ட வடகத்தில் போய் விழுந்தது. தடி வில் மாதிரி வளைந்தது. நாற்காலி குப்புற ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை. அப்புறம் டிரைவ் பயந்துபோய் நின்றுவிட்டது. பிரேக் கவ்விக்கொண்டது. எல்லாம் ஒரு நொடி. வேட்டி மூன்றாவது கையில் சுற்றிக்கொண்டு போய்விட்டது. மாமா கோடு போட்ட அண்டர்வேரோடு, பெல்ட்டில், பக்கவாட்டில் தொங்குகிறார். விபூதி மட்டும் கலையவில்லை.

"நிறுத்துடா!"

"நின்னுருச்சு மாமா."

"பொறகு ஏண்டா நான் இப்படி இருக்கேன்?"

அந்த நேரம் பார்த்து அம்மா கற்பூரத் தட்டோடு படியேறி வந்தார்கள். தம்பியைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். தட்டைக் கீழே வைக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கற்பூரம் எரிந்து முடிகிற வரைக்கும் அப்படியே நின்றார்கள்.

"யாரு பண்ணுனது?"

மாமா தொங்கிக்கொண்டே சொன்னார்: "பையன் ஏதோ நம்பரைத் தப்பாப் போட்டுட்டான், அக்கா. சின்னப் பையன், உடு."

நான் பொறுத்துக்கொண்டிருக்கலாம். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் தப்பு அவருடையது. சொன்னேன். "மூணாவது மோட்டார்ல ரெண்டு ஒயரை மாத்தியிருக்கார். நான் பொரி வாங்கப் போனப்ப. ஸ்குரூ டிரைவர் அவர் மடியில இருந்துதான் விழுந்துச்சு, பாருங்க."

"முப்பது வருசமாக் காயில் கட்டறேன், எனக்கு ஒயரு மாத்தச் சொல்லித் தர்றியாடா?"

"இது போர் மோட்டார் இல்லை மாமா."

அதுதான் அவருக்குச் சுட்டுவிட்டது. இறக்கிவிட்டதும் துண்டைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். வேட்டியைக்கூடக் கேட்கவில்லை. எட்டு நாள் வரவில்லை. அம்மா அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். "ஜீவிதாவுக்கு ஏழு மாசம் ஆகப்போகுது. அவ வந்து இறங்கறப்ப இந்தப் பேய் இந்த ரூம்ல இருந்துச்சு, உன்னையும் சேர்த்து வித்துருவேன்."

ஒன்பதாம் நாள் காலையில், நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, மாமா வந்தார். கையில் புதுத் தடி. லேத்தில் கொடுத்து, பழையதைவிடத் தடியாக, பளபளவென்று. தரையில் வைத்தார். உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அந்த நம்பரு எங்கடா மாத்தறது?" என்றார். ஒயரை நான் முன்னமே பழையபடி மாட்டிவிட்டிருந்தேன், நம்பரை மட்டும் காட்டினேன். இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினார். மூன்றாவது மோட்டார் வலது பக்கம் சுற்றியது. "ஒயரைத் தொடாமலேயா?" என்றார். திரும்ப மாற்றினார். எதிர்ப்பக்கம் சுற்றியது. திரும்ப மாற்றினார். அன்றைக்குக் கடை திறக்கவே இல்லை. மாற்றிக்கொண்டே இருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. பழைய ஆட்களுக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுத்தால் இப்படித்தான், விடமாட்டார்கள்.

உங்க போன் அடிக்குதுண்ணா. எடுங்க, கை நீட்டினா ஒண்ணும் ஆகாது. டிரைவரா? இன்னும் கொஞ்ச நேரம்னு சொல்லுங்க. "ஆமா, மேலதான் இருக்கேன்"னு சொல்லுங்க, அது உண்மைதானே.

சரி, இந்த ரோடு. நீங்க இப்ப நின்னுட்டு இருக்கிற ரோடு. டிவி அணைஞ்சுட்டாலும் நீங்க வால்பாறை மலையில ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுக்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கீங்க. இது கேம் இல்லை. கேமில் வர்ற ரோடு எல்லாம் வெண்ணெய் மாதிரி இருக்குது, ஒரு குழி இல்லை. எனக்கு நம்ம ரோடு வேணும். பொள்ளாச்சி போய் வால்பாறை பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்தேன். ஒரு போனைப் பஸ் தரையில் டேப் போட்டு ஒட்டினேன். அதுதான் சாய்வு, குலுக்கல், பிரேக் எல்லாம் பதிஞ்சுக்கும். இன்னொரு போன் கையில், ரோட்டை வீடியோ எடுக்க.

கண்டக்டர் வந்து பார்த்தார். "தம்பி, அது என்ன, போனைப் போயி தரையில?"

"பஸ்ஸு ஆடறதை எழுதிக்குதுங்க."

"இருபது வருசமா என் முதுகுல எழுதிட்டிருக்குது. அதை எடுத்துக்கறியா?"

நாற்பது வளைவு. நாற்பதும் இங்கே இருக்கு. பதினேழாவதில் ஒரு சிங்கவால் குரங்கு குறுக்கே போச்சு, டிரைவர் ஒரு பிரேக் போட்டார் பாருங்க, அந்தப் பிரேக்கும் இருக்கு. நீங்க இன்னும் அதுக்கு வரலை.

இதில் அம்மாவும் ஒரு தடவை உட்கார்ந்தார்கள். மாவு தீர்ந்துபோன ஒரு மத்தியானம். அக்கா ரூமைக் கூட்டுகிறேன் என்று துடைப்பத்தோடு வந்தவர்கள், சீட்டைத் தூசி தட்டினார்கள், அப்புறம் உட்கார்ந்துவிட்டார்கள். "போடு பாக்கலாம்" என்றார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மணிபர்சைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, துடைப்பத்தையும் விடவில்லை. முதல் வளைவிலேயே கண்ணை மூடிக்கொண்டார்கள். "நிறுத்துடா, நிறுத்துடா, டேய் நிறுத்துடா!" என்று இருபது வளைவுக்கும் கத்தினார்கள். பாவம் என்று நிறுத்தினேன். கண்ணைத் திறந்தார்கள்.

"இப்ப எங்க இருக்கோம்?"

"இருபதாவது வளைவும்மா."

"இன்னும் எத்தனை?"

"இருபது."

"பாதி மலையில எவனாச்சும் பஸ்ஸை நிறுத்துவானா? போடுடா!"

போட்டேன். மேலே போனதும் டீத்தோட்டம் வந்தது. அம்மா கண்ணை மூடவில்லை. கத்தவும் இல்லை. நான் முடிந்துவிட்டது என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் இறங்கினார்கள். சாயங்காலம் மாவு வாங்க வந்த அக்காக்களிடம், "நான் இன்னைக்கு வால்பாறை போயிட்டு வந்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பச்சைப் பொய். இந்த வீட்டு வாசலைத் தாண்டவில்லை. அம்மாவுக்கு இந்த மெஷின் சுத்தமாகப் பிடிக்காதுங்கண்ணா, அது எனக்குத் தெரியும். மறுநாள்தானே உங்களுக்குப் போன் போட்டார்கள். போட்டுவிட்டு அரை மணி நேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். முட்டி வலியாக இருக்கும்.

குறை எல்லாத்தையும் சொல்லிடறேன். ஆறாவது கியர்பாக்ஸ் 'கிர்'னு ஒரு சத்தம் போடும். ஓடும், ஆனா சத்தம் போடும். உங்களுக்கு அது வேண்டாம்னு தோணலாம். நாலாவது மோட்டார் ஒயர் மேல எலி கடிச்ச தடம் இருக்கு, டேப் சுத்தியிருக்கேன். அப்புறம் இது பிஸ்கட் மெஷின் மோட்டார். எம்பிராய்டரிக்கு இவ்வளவு பலம் தேவையா, எனக்குத் தெரியலை. ஆளைத் தூக்கற மோட்டாரை வெச்சு ஊசியைத் தூக்கப் போறீங்க. உங்க இஷ்டம். நான் ஒண்ணும் சொல்லலை. வித்த பிறகு அது எங்க போனா எனக்கென்ன.

என்னங்கண்ணா? முழுசாவா? முழுசா வண்டியில ஏறுமான்னா கேக்கறீங்க? ஏறும். உங்க வண்டித் தொட்டி எட்டடி, நான் மேலிருந்தே பார்த்தேன். இது அஞ்சடி. படியில இறங்காது, பால்கனி வழியா கயிறு கட்டி இறக்கணும். எட்டு ஆள் போதும். எதுக்குக் கேக்கறீங்க?

சும்மாவா.

உங்க ஷெட்டுக்கு மேல் மாடி இருக்கா? தகரக் கூரையா? எத்தனை அடி உயரம்? பத்து இருந்தா போதும். ஒன்பதுன்னா இடிக்கும், அதுவும் குரங்கு வர்ற இடத்தில மட்டும்தான் இடிக்கும். டெய்லருங்க எத்தனை பேர் வேலை செய்யறாங்க? நாற்பதா! நாற்பது பேரும் மத்தியானம் சாப்பிட்டுட்டு ஆளுக்கு ஒரு வளைவு போனாங்கன்னாக்கூட... இல்லை, நான் ஒண்ணும் சொல்லலை. நீங்க சும்மா கேட்டீங்க, நானும் சும்மா சொன்னேன். யாராவது ஒரு ஆள் பக்கத்தில இருக்கணும், அதுதான் வம்பு. அந்த நம்பர் எல்லாம் தெரிஞ்ச ஆள். அப்படி ஆள் எங்க கிடைக்கும், சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சு ஒருத்தன்தான் இருக்கான். அவனும் பள்ளிக்கூடம் போறதில்லை.

ஆ! ஃபேன் சுத்துது! மாமா கட்டிட்டார்! டிவியும் வந்துருச்சு பாருங்க.

அம்மா கத்தறாங்க, கேக்குதா? "அவரை முதல்ல இறக்கி உடுடா! மோட்டாரைக் கழட்டி வெச்சுட்டியா?"

இதோம்மா!

இல்லைங்கண்ணா. கழட்டலை. திங்கட்கிழமையிலிருந்து சொல்லிட்டிருக்காங்க. ஒரு மோட்டாருக்கு நாலு போல்ட். மொத்தம் இருபத்தி நாலு. பதிமூணாம் நம்பர் ஸ்பேனர் போதும், அரை மணி நேர வேலை. ஸ்பேனரைத் தினமும் கையில எடுக்கறேன். எடுத்துட்டு என்ன பண்ணறேன்னா, இருபத்தி நாலையும் ஒரு தடவை முறுக்கி இறுக்கிட்டு வெச்சுடறேன். லூஸா இருந்தா ஆபத்து பாருங்க.

இப்ப நீங்களே சொல்லுங்க. உங்க இடது கைக்குப் பக்கத்தில சிவப்பா ஒரு குமிழ் இருக்குல்ல? அது நிறுத்தற ஸ்விட்ச். நான் பச்சையைப் போட்டதும் விட்ட இடத்தில இருந்து கிளம்பும். ஒன்பதாவது வளைவு, பத்தாவது வளைவு. போதும், இறங்கணும்னா சிவப்பை அமுத்துங்க. அமுத்தினா அப்படியே நிற்கும், நான் மெதுவாத் தரைக்கு இறக்கிடறேன். ஸ்பேனரை எடுத்து உங்க கண்ணு முன்னால இருபத்தி நாலு போல்ட்டையும் கழட்டித் தர்றேன். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்க மாட்டேன். சாக்கில கட்டி வண்டியிலும் ஏத்தி விடறேன். அமுத்தலைன்னா முழுசாப் போகுது. சரிதானே?

அம்மா, ஒரு நிமிசம்மா! அவரே இறங்கறேன்னு சொல்லிட்டிருக்கார்!

போடறேன். ஒண்ணு, ரெண்டு...

வருது பாருங்க, இடது பக்கம் பள்ளத்தாக்கு. ஆழியாறு டேம் தெரியுதா? குனியாதீங்க, அதுவே குனியும். ஒன்பது! சிவப்பு இடது பக்கம்ணா, இடது பக்கம். அந்த லாரிக்கு வழி விடறார் பாருங்க, பின்னால சாயும். இதோ சாயுது. பத்து! எங்கண்ணா கை? சிவப்பு இங்கே இருக்கு. அமுத்துங்கண்ணா, அம்மா படியேறி வர்றாங்க. அமுத்துங்க!

அமுத்தச் சொன்னா, ரெண்டு கையையும் மேலே தூக்கிட்டீங்களே!